14,000 ரூபாய்க்கும் ஃபுல் எச்டி, 68,000 ரூபாய்க்கும் ஃபுல் எச்டி: எந்தப் புரொஜெக்டர் காசுக்குத் தகும்?

கேள்வி: மாடியில் 10க்கு 14 அடி அறை ஒன்று இருக்கிறது. 100 அங்குலப் படம் வேண்டும். வாரம் இரண்டு சினிமா பார்ப்போம். ஐபிஎல் பருவத்தில் கிரிக்கெட்டும் உண்டு, அப்போது விளக்கு எரியும், பிள்ளைகள் நடமாடுவார்கள். இணையத்தில் 14,000 ரூபாய்க்கு '9,000 லூமென், ஃபுல் எச்டி, 4கே சப்போர்ட்' என்று ஓர் எல்இடி புரொஜெக்டர் கிடைக்கிறது. கடையில் 3,500 ஆன்சி லூமென் டிஎல்பி ஒன்று 68,000 ரூபாய். தெரிந்தவர் ஒருவர் 1,900 மணி நேரம் ஓடிய 3எல்சிடி புரொஜெக்டரை 28,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். எதை வாங்கலாம்? பேசாமல் 55 அங்குல டிவியே வாங்கிவிடலாமா?

பதில்:

டிவி வாங்கினால் படமும் அதோடு சேர்ந்தே வீட்டுக்கு வந்துவிடுகிறது. புரொஜெக்டர் வாங்கினால் வெளிச்சம் மட்டும்தான் வருகிறது. அந்த வெளிச்சத்தைப் படமாக்குவது உங்கள் சுவரும் சன்னலும் திரைச்சீலையும்தான். ஆகவே ஒரு புரொஜெக்டர் விலைக்குத் தகுமா என்று அறைக்கு வெளியே நின்று தீர்ப்புச் சொல்ல முடியாது. நீங்கள் அறையின் அளவையும் பயன்பாட்டையும் சொல்லியிருப்பதால் கணக்குப் போட்டே பதில் சொல்ல முடிகிறது.

முதலில் வெளிச்சம். கருவி வெளிவிடும் மொத்த ஒளியை லூமென் என்ற அலகால் அளக்கிறார்கள். 100 அங்குலப் படம் என்றால் அகலம் 2.21 மீட்டர், உயரம் 1.25 மீட்டர், பரப்பு சுமார் 2.76 சதுர மீட்டர். திரையரங்குகளுக்கான டிஜிட்டல் சினிமா தரத்தில் முழு வெள்ளையின் பிரகாசம் 48 நிட்; திரை கண்ணுக்கு எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பதன் அலகு அது. சாதாரண மேட் வெள்ளைத் திரையில் அந்தப் பிரகாசம் வேண்டுமானால் திரையின் மேல் ஏறத்தாழ 150 லக்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு 150 லூமென் வெளிச்சம் விழ வேண்டும். 150ஐ 2.76ஆல் பெருக்கினால் சுமார் 415 லூமென் வருகிறது. அதாவது, நன்றாக இருட்டிய அறையில் 100 அங்குலத்துக்கு உண்மையான 415 லூமென் போதும். விளம்பரத்தில் ஆயிரக்கணக்கில் எண்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நம்பமுடியாத அளவுக்குக் குறைவாகத் தோன்றும். அப்படியானால் 9,000 லூமென் பெட்டி இதுபோன்ற இருபது திரைகளுக்கு வெளிச்சம் தர வேண்டும் அல்லவா?

தராது. என் நண்பர் ஒருவர் இதே போன்ற எண் அச்சிட்ட பெட்டி ஒன்றை வாங்கியபோது, நானும் அவரும் உட்கார்ந்து அளந்தே பார்த்தோம். முறை எளிது: இருட்டில் முழு வெள்ளைப் படத்தைச் சுவரில் விரித்து, அதை மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் லக்ஸ் மீட்டரைச் சுவரோடு ஒட்டி, லென்ஸைப் பார்த்தபடி பிடிக்க வேண்டும். ஒன்பது அளவுகளின் சராசரியைப் படத்தின் பரப்பால் பெருக்கினால் கிடைப்பதுதான் லூமென். அமெரிக்கத் தர நிறுவனமான ஆன்சி 1990களில் வகுத்த ஒன்பது புள்ளி முறையின் சாரம் இதுவே. 'ஆன்சி லூமென்' என்ற பெயர் அங்கிருந்து வந்தது, இப்போதைய 'ஐஎஸ்ஓ லூமென்' அதன் வழிவந்தது. நண்பர் வீட்டில் நடுக்கட்டத்தில் மீட்டர் 96 லக்ஸ் காட்டியது. மூலைகளில் 50ஐ ஒட்டித் தடுமாறியது. சராசரி 68. அதை 2.76ஆல் பெருக்கினால் 188 லூமென். மூலை நடுவில் பாதியளவே ஒளிர்கிறது என்பதைக் கண் உடனே கண்டுபிடிப்பதில்லை. ஆனால் பெரிய வானமோ பந்து ஓடும் புல்வெளியோ திரையில் வரும்போது, படத்தின் ஓரங்கள் அழுக்கேறியதுபோல் தெரிவதற்கு அதுவே காரணம்.

'9,000 லூமென்', '15,000 லக்ஸ்' என்று அடைமொழி எதுவும் இல்லாமல் அச்சிடப்படும் எண்களுக்கு ஒப்பிடத்தக்க பொருள் எதுவும் கிடையாது. சிலர் உள்ளே இருக்கும் எல்இடி விளக்கின் வெளிச்சத்தைச் சொல்கிறார்கள். பெரும்பாலான மலிவுப் பெட்டிகளில் இருப்பது படத்தை உருவாக்கும் ஒற்றை எல்சிடி தகடு. அதன் போலரைசரும் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்) வண்ண வடிகட்டியும் விளக்கின் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆன்சி அல்லது ஐஎஸ்ஓ என்ற சொல் லூமெனுக்கு முன்னால் இல்லையென்றால் அந்த எண்ணை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள். இதற்காக 14,000 ரூபாய்ப் பெட்டியை நான் முற்றிலும் ஒதுக்கவில்லை. 188 லூமெனை 80 அங்குலத்துக்குச் சுருக்கினால், இருட்டறையில் 34 நிட் கிடைக்கும்; இரவில் மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி கட்டிப் பிள்ளைகளுக்குப் படம் போட அது போதும். நீங்கள் கேட்கும் வேலை வேறு.

வெளிச்சத்தை விட முக்கியமானது இருட்டு. புரொஜெக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது. புரொஜெக்டரை அணைத்த நிலையில் திரை எந்த நிறத்தில் தெரிகிறதோ, அதுதான் உங்களுக்குக் கிடைக்கப்போகும் அதிகபட்சக் கறுப்பு. ஒரு குழல் விளக்கு எரியும் அறையில் சுவரின் மேல் சுமார் 100 லக்ஸ் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். நண்பரின் பெட்டி தரும் 68 லக்ஸ் அதன் மேல் சேர்ந்தால் வெள்ளை 168, கறுப்பு 100; கறுப்பைப் போல் 1.7 மடங்குதான் வெள்ளை. அது படமே இல்லை, பழைய துணியில் படிந்த கறை போல இருக்கும். உண்மையான 1,500 லூமென் தரும் கருவி திரையில் 543 லக்ஸ் விழச் செய்யும். விளக்கோடு சேர்த்து 643க்கு 100, அதாவது ஆறரை மடங்கு. முகங்கள் தெரியும், ஸ்கோர் தெரியும், இரவுக் காட்சிகள் தெரியாது. அதே கருவியில் விளக்கை அணைத்து, அறைக்குள் கசியும் ஒளியை 1 லக்ஸ் அளவுக்குக் கட்டுப்படுத்தினால், கான்ட்ராஸ்ட், அதாவது கறுப்பைப் போல் வெள்ளை எத்தனை மடங்கு என்பது, நூறு மடங்கைத் தாண்டும் வாய்ப்பு வருகிறது. பத்தாயிரம் ரூபாய்க்கும் குறைவான கனத்த திரைச்சீலை செய்யும் இந்த வேலையை ஒரு லட்சம் ரூபாய்ப் புரொஜெக்டர் தனியாகச் செய்ய முடியாது. பெட்டியில் '10,000:1', '20,000:1' என்று அச்சிட்டிருக்கும் கான்ட்ராஸ்ட் எண்களை இதனால்தான் நான் பார்ப்பதே இல்லை.

ஒளி வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. திரையில் பட்டுத் தெறிக்கும் ஒளி வெண்மையான கூரைக்கும் பக்கச் சுவர்களுக்கும் போய்த் திரும்பவும் திரையில் விழுந்து கறுப்பைச் சாம்பலாக்குகிறது. 10 அடி அகல அறையில் 7 அடிக்கு மேல் திரை வந்தால் பக்கச் சுவர் இரு பக்கமும் ஒன்றே கால் அடியில் நிற்கும். திரையை ஒட்டிய மூன்று, நான்கு அடிக்காவது கூரையிலும் சுவரிலும் மினுமினுப்பு இல்லாத அடர்நிறப் பெயின்ட் அடியுங்கள். மாடி அறையை வீட்டார் கறுப்பாக்க விடமாட்டார்கள் என்றால், அடர்நீலமோ காப்பிக்கொட்டை நிறமோ போதும்.

அடுத்தது 'ஃபுல் எச்டி' என்ற சொல். ஒரு கருவி 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட படத்தை உள்ளே வாங்கிக்கொள்வது வேறு, அத்தனை புள்ளிகளையும் சுவரில் போடுவது வேறு. 'சப்போர்ட்' என்று எழுதியிருந்தால் முதலாவதை மட்டுமே சொல்கிறார்கள். 'நேட்டிவ் ரெசொல்யூஷன்' என்ற வரியில் என்ன எண் இருக்கிறது என்பதே உங்களுக்கு வேண்டியது. 100 அங்குலத் திரையில் உண்மையான ஃபுல் எச்டியின் ஒரு புள்ளி 1.15 மில்லிமீட்டர் இருக்கும். பத்தடி தூரத்தில் உட்கார்ந்தால், படம் ஓடும்போது கண் அதைத் தனியாகக் கவனிப்பது அரிது. 1280க்கு 720 தகடு என்றால் புள்ளி 1.73 மில்லிமீட்டர். 854க்கு 480 தகடு கொண்ட பெட்டிகளும் 'ஃபுல் எச்டி சப்போர்ட்' என்ற பெயரில் விற்கின்றன. அவற்றின் ஒரு புள்ளி 2.6 மில்லிமீட்டர், கடுகை விடப் பெரியது. சோதிக்க மடிக்கணினி போதும்: வெளியீட்டை 1920க்கு 1080இல் வைத்து, ஒரு புள்ளி அகலத்தில் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் கோட்டுப் படத்தைக் காட்டுங்கள். அருகில் போய்ப் பார்த்தால் கோடுகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். சாம்பல் நிறமாகக் குழைந்தாலோ அலை அலையான பட்டைகள் தெரிந்தாலோ, தகடு அந்த அளவினது இல்லை அல்லது கீஸ்டோன் திருத்தம் வேலை செய்துகொண்டிருக்கிறது.

கீஸ்டோனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கருவியைக் கோணலாக வைத்துவிட்டுப் படத்தை மென்பொருளால் நேராக்குவது வசதிதான். ஆனால் தகட்டின் ஓரங்களை விட்டுவிட்டு நடுப்பகுதியில் படத்தைச் சுருக்கியே அது நேராக்கப்படுகிறது. அகலத்திலும் உயரத்திலும் 80 சதவீதமே பயன்பட்டால், 20 லட்சத்துச் சொச்சம் புள்ளிகளில் 7 லட்சத்துக்கு மேல் வீணாகின்றன. அந்தப் பங்கு வெளிச்சமும் போகிறது. நீங்கள் காசு கொடுத்த ஃபுல் எச்டியை நீங்களே கழித்துக்கொள்கிறீர்கள். அதனால் கருவியை நேராக வைக்க உங்கள் அறையில் இடம் உண்டா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள். த்ரோ ரேஷியோ 1.2 என்றால், திரை அகலமான 2.21 மீட்டரைப் போல் 1.2 மடங்கு, அதாவது 2.65 மீட்டர் அல்லது 8.7 அடி தள்ளி லென்ஸ் இருக்க வேண்டும். 14 அடி நீள அறையில் நடுக்கூரையில் தொங்கும் மின்விசிறி 7 அடியில் வரும். அதன் இறக்கைகள் ஐந்தடி முதல் ஒன்பதடி வரை சுழலும். கூரையில் மாட்டும் புரொஜெக்டருக்குத் தொல்லை தருவது பெரும்பாலும் இந்த விசிறிதான். கம்பியை நீளமாக இறக்கி, ஒளிப்பாதையை இறக்கைக்குக் கீழே கொண்டுவர வேண்டும், அல்லது விசிறியை நகர்த்த வேண்டும். எலக்ட்ரீஷியனை முதலில் கூப்பிடுங்கள், புரொஜெக்டரை அப்புறம் ஆர்டர் செய்யுங்கள்.

இனி அந்த 68,000 ரூபாய் டிஎல்பி. இதன் இதயமான சில்லை டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக் 1987இல் உருவாக்கினார்; நேட்டிவ் ஃபுல் எச்டி சில்லில் ஒரு புள்ளிக்கு ஒன்றாக நுண்கண்ணாடிகள் சாய்ந்து சாய்ந்து ஒளியை லென்ஸுக்கு அனுப்புகின்றன, அல்லது விலக்குகின்றன. புள்ளிகள் கூர்மையாக இருக்கும். தூசு எளிதில் உள்ளே போகாது. ஆனால் இந்த விலையில் சில் ஒன்றுதான். சுழலும் வண்ணச் சக்கரம் சிவப்பு, பச்சை, நீலத்தை அடுத்தடுத்துக் காட்ட, கண்தான் அவற்றைச் சேர்த்துக்கொள்கிறது. சிலருக்கு அந்தச் சேர்க்கை முழுமையாக நடப்பதில்லை. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து ஓடும்போது பார்வையை நகர்த்தினால் வானவில் கீற்றுகள் தெரியும், தலைவலியும் வரலாம். இது ஆளுக்கு ஆள் மாறும். கடைக்கு நீங்கள் மட்டும் போகாமல் வீட்டில் படம் பார்க்கும் அத்தனை பேரையும் அழைத்துப்போய், இறுதி எழுத்துகள் ஓடும் பகுதியை அவர்களுக்குக் காட்டுங்கள்.

3,500 ஆன்சி லூமென் என்பது அளந்த எண்தான், ஆனால் எந்த நிலையில் அளந்தது என்பதைக் கவனியுங்கள். அது 'பிரைட்' நிலையில் கிடைக்கும் உச்சம். அந்நிலையில் தோலின் நிறம் பச்சை பாய்ந்திருக்கும், யாரும் விரும்பிப் பார்க்க மாட்டார்கள். சக்கரத்தில் வெள்ளைத் துண்டு ஒன்றும் சேர்க்கப்பட்டிருந்தால் வெள்ளை மட்டும் கூடும், சிவப்பும் மஞ்சளும் பின்தங்கும். 'சினிமா' நிலைக்கு வந்தால் பாதியோ அதற்கும் குறைவோதான் மிஞ்சும். 1,500 லூமென் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்; அதுவே உங்கள் இருட்டறைத் தேவையைப் போல் மூன்றரை மடங்கு. கிரிக்கெட்டுக்கு பிரைட் நிலையையே போட்டுக்கொள்ளலாம், புல்வெளி கொஞ்சம் பச்சையாக இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. 2009இல் ஆப்டோமா எச்டி20 என்ற 1,700 லூமென் ஃபுல் எச்டி கருவி 1,000 டாலருக்குள் வந்ததே அன்று பெரிய செய்தி. அந்த நினைவோடு பார்க்கும் எனக்கு, இன்று 68,000 ரூபாய்க்கு அதைப் போல் இரண்டு மடங்கு வெளிச்சம் கிடைப்பது நியாயமான விலையாகவே படுகிறது.

விளக்கின் ஆயுளை நினைத்துப் பலர் டிஎல்பி, 3எல்சிடி பக்கமே வருவதில்லை. உங்கள் பயன்பாட்டை எண்ணிப் பாருங்கள். வாரம் இரண்டு சினிமா, இரண்டரை மணி நேரம் வீதம், ஆண்டுக்கு 260 மணி நேரம். 2025 ஐபிஎல்லில் 74 ஆட்டங்கள்; பாதியைப் பார்த்தால் இன்னொரு 130 மணி நேரம். ஆக மொத்தம் 390. விளக்குக்கு 4,000 மணி நேரம் என்று சொல்லியிருந்தால் பத்து ஆண்டுக் கணக்கு வருகிறது. அந்த 4,000 என்பது விளக்கு அணையும் நேரமில்லை, வெளிச்சம் பாதியாகக் குறையும் நேரம். அதற்கும் உங்களிடம் இருப்பு இருக்கிறது. மாறாக, தினமும் நான்கு மணி நேரம் செய்தியும் சீரியலும் ஓட்டும் வீடானால் மூன்று ஆண்டுக்குள் விளக்கு கேட்கும். அவர்களுக்கு நான் டிவியைத்தான் சொல்வேன். மலிவு எல்இடி பெட்டிகளில் '30,000 மணி நேரம்' என்பது எல்இடிக்கு மட்டும் உண்மையாக இருக்கலாம். அதன் முன்னால் வெப்பத்தில் வதங்கும் எல்சிடி தகட்டுக்கும் போலரைசருக்கும் யாரும் அந்த வாக்குறுதி தருவதில்லை, மாற்றப் பாகமும் கிடைப்பதில்லை.

விளக்குக் கருவிக்கு ஒரு சிறு யுபிஎஸ் கட்டாயம். ஓடும்போது மின்சாரம் போனால் விளக்கின் வெப்பத்தை வெளியேற்றும் விசிறியும் அதோடு நின்றுவிடும். சூடாக இருக்கும் விளக்கு உடனே மறுபடி பற்றாது. கணினிக்கு வைக்கும் யுபிஎஸ், கருவியின் வாட்டைத் தாங்குமானால், முறையாக அணைக்கத் தேவையான ஐந்து நிமிடத்தைத் தந்துவிடும்.

பழைய 3எல்சிடியை அவசரப்பட்டு மறுக்காதீர்கள். மூன்று தகடுகள் மூன்று நிறங்களையும் ஒரே நேரத்தில் தருவதால் வானவில் தொல்லை கிடையாது, நிறங்களின் வெளிச்சம் வெள்ளையோடு ஈடுகொடுக்கும். முதலில் அதன் நேட்டிவ் அளவைப் பாருங்கள். அலுவலகங்களிலிருந்து விற்பனைக்கு வரும் 3எல்சிடி கருவிகளில் 1024க்கு 768 தகடு கொண்டவை ஏராளம், அவை உங்களுக்கு இலவசமாகக் கிடைத்தாலும் உதவாது. ஃபுல் எச்டிதான் என்றால், ஒரு மணி நேரமாவது ஓடிச் சூடான பிறகு சோதியுங்கள். முழு வெள்ளைப் படத்தில் மஞ்சள் அல்லது ஊதாத் திட்டு தெரிந்தால் போலரைசரோ தகடோ வெந்திருக்கிறது, விட்டுவிடுங்கள். முழுக் கறுப்பில் மங்கலான வண்ணப் பொட்டுகள் மிதந்தால் தகட்டில் தூசு. சுத்தம் செய்யலாம், செலவைக் கழித்துப் பேசுங்கள். பிறகு ஒரு படத்தின் வெள்ளைச் சப்டைட்டிலை நிறுத்திவைத்து, திரைக்குப் பக்கத்தில் போய் எழுத்தின் விளிம்பைப் பாருங்கள். ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் ஒரு புள்ளி அகலத்துக்குள் ஒட்டியிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம்; அதற்கு மேல் விலகியிருந்தால் மூன்று தகடுகளும் நேர்க்கோட்டில் இல்லை. 1,900 மணி என்ற எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். விளக்கு மாற்றும்போது அந்தக் கணக்கைப் பூச்சியமாக்க மெனுவிலேயே வழி இருக்கிறது. புதிய விளக்கின் விலையைச் சேவை மையத்தில் கேட்டு, அதையும் 28,000த்தோடு சேர்த்தே விலையை எண்ணுங்கள்.

கருவிக்குள்ளேயே இருக்கும் ஆண்ட்ராய்டுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம். வைட்வைன் எல்1 (படங்களைத் திருட்டுப் பிரதியிலிருந்து காக்கும் கூகுளின் உயர்நிலைப் பாதுகாப்பு) சான்று இல்லாத பெட்டிகளுக்குப் பெரிய ஓடிடி செயலிகள் 480 வரிப் படத்தையே அனுப்பும். தகடு ஃபுல் எச்டியாக இருந்து என்ன பயன்? நான்கைந்தாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் முறையான டிவி ஸ்டிக்கை எச்டிஎம்ஐயில் செருகினால் அந்தச் சிக்கல் தீர்ந்தது. எச்டிஆர் (இருளுக்கும் ஒளிக்கும் இடையே அதிக வேறுபாடு காட்டும் படத் தரம்) முத்திரையையும் விட்டுவிடலாம். சில நூறு நிட்டாவது வேண்டிய அந்தத் தரத்தை இந்த வெளிச்சத்தில் காட்ட இயலாது. உள்ளிருக்கும் ஸ்பீக்கர் ஓர் அவசரத் துணை, அவ்வளவே.

உங்கள் மொத்தக் கையிருப்பு 90,000 ரூபாயை ஒட்டி இருந்தால் டிஎல்பியை வாங்குங்கள்; மிச்சத்தில் திரைச்சீலை, ஐயாறாயிரத்துக்கு மேட் வெள்ளைத் திரை, ஸ்டிக், யுபிஎஸ், ஓர் எளிய சவுண்ட்பார் எல்லாம் அடங்கும். மொத்தமே 65,000, 70,000 என்றால் அத்தனையையும் புரொஜெக்டரிலேயே கொட்டிவிட்டு வெறுஞ்சுவரில், மூடாத சன்னலோடு பார்ப்பதை விட, மேலே சொன்ன சோதனைகளில் தேறும் பழைய 3எல்சிடியை வாங்கி, மீதியை அறைக்குச் செலவழிப்பதே நல்ல படம் தரும். 55 அங்குல டிவி பகலிலும் பளிச்சென்று இருக்கும், கறுப்பும் நன்றாக இருக்கும். ஆனால் பத்தடி தூரத்தில் அது உங்கள் பார்வையில் 23 பாகையை மட்டுமே நிரப்பும், 100 அங்குலத் திரை 40 பாகையை நிரப்பும். உங்கள் கிரிக்கெட்டில் பாதிக்கு மேல் வெயில் நேரத்து ஆட்டங்களாக இருந்து, அறையின் சன்னலை மூட வீட்டார் சம்மதிக்காவிட்டால் மட்டும் டிவியைத் தேர்ந்தெடுங்கள்.

டிஎல்பி வீட்டுக்கு வந்ததும் கூரையில் துளை போட வேண்டாம். அட்டைப்பெட்டியைப் பத்திரப்படுத்தி, உயரமான முக்காலி ஒன்றில் கருவியை வைத்து நான்கைந்து இரவுகள் ஓட்டுங்கள். நடுவில் ஃபோகஸ் சரியாக இருக்கும்போது நான்கு மூலைகளிலும் எழுத்து தெளிவாக இருக்கிறதா, அமைதியான காட்சியில் விசிறிச் சத்தம் உங்கள் இருக்கை வரை வருகிறதா, முழுக் கறுப்பில் எரிந்தபடியே நிற்கும் வெள்ளைப் புள்ளி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். குறை இருந்தால், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் கடைக்காரரிடம் போய்விடுங்கள்; துளை போட்டுக் கம்பி மாட்டிய பிறகு யாருக்கும் அதைக் கழற்ற மனம் வருவதில்லை.